பார்சலுக்குள் பொரி

பீங்கான் கப், கண்ணாடி டம்ளர் மாதிரி உடையும் பொருளைக் கூரியரில் அனுப்பும்போது தெர்மாகோலுக்கு அலையாமல், உப்பு போடாத அரிசிப் பொரியைச் சின்னச் சின்ன பேப்பர் கவர்களில் அடைத்து, பொருள் ஆடாத அளவுக்குச் சுற்றிலும் நிரப்பிவிடுங்கள். பொரிக்குள் காற்றுதான் அதிகம் என்பதால் எடை கூடாது, பெட்டி கீழே விழுந்தால் பொரி நொறுங்கி அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். கவரில் போடாமல் அப்படியே கொட்டினால் பெட்டி குலுங்கக் குலுங்க எல்லாம் கீழே இறங்கி, மேல்பக்கம் காலியாகிவிடும். பிரித்ததும் பொரியை உரக்குழியில் போடலாம், சாப்பிட மட்டும் வேண்டாம், எங்கெங்கோ கிடந்து வந்த பெட்டி அது.

மழைக்காலத்தில் இது சரிப்படாது, பொரி நமுத்து அமுங்கிவிடும். கனமான பொருளுக்கும், எறும்பும் எலியும் வரும் என்பதால் பல நாள் குடோனில் கிடக்கும் பார்சலுக்கும் வேண்டாம். வெளிநாட்டுக்கு வேண்டவே வேண்டாம், உணவுப்பொருள் என்று சுங்கத்தில் நிறுத்திவிடலாம்.