162க்கு நேரே டியூன் பண்ணாதீர்கள்

திருகோணமலைத் துறைமுகக் கப்பல்களின் ஏஐஎஸ் சிக்னலை (கப்பல் தன் அடையாளத்தையும் இடத்தையும் தானே அறிவிக்கும் ரேடியோ சிக்னல்) எஸ்டிஆரில், அதாவது கணினி மென்பொருளால் இயங்கும் ரேடியோ ரிசீவரில், பிடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சிக்னலை நேராகச் சுழிய அதிர்வெண்ணுக்கு இறக்கும் வகை ரிசீவர்களில் திரையின் நடுவே எப்போதும் ஒரு கூர் முள் நிற்கும், அது கப்பலும் இல்லை ஒன்றும் இல்லை, ரிசீவரின் சொந்த ஆசிலேட்டர் (டியூன் பண்ணும் அதிர்வெண்ணை உள்ளே உண்டாக்கும் சுற்று) கசிந்து தனக்குள்ளேயே கேட்கிறது.

ஏஐஎஸ்-க்கு 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ் என்று இரண்டு சானல். முள் இடைவெளியில் விழட்டும் என்று நானும் 162.000-இல்தான் வைத்திருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு! ரிசீவர் சிக்னலை இரண்டாகப் பிரித்து அனுப்பும் ஐ, க்யூ பாதைகள் இரண்டும் அச்சொட்டாக ஒத்திருக்காது என்பதால் ஒவ்வொரு சிக்னலின் மங்கலான பிம்பமும் நடுவுக்கு மறுபுறம் விழும், அதாவது ஒரு சானலின் பிம்பம் சரியாக மற்றதன் தலையில். உள்துறைமுகத்தில் பக்கத்தில் நிற்கும் கப்பலின் பிம்பமே தூரக்கடல் கப்பலை மூடிவிடும்.

162.100-இல் வையுங்கள், சாம்பிள் வேகம் நொடிக்கு 10 லட்சம் போதும், சானலை நடுவுக்குக் கொண்டுவரும் மீதி நகர்த்தலை மென்பொருளில் செய்யலாம். முள்ளும் பிம்பங்களும் இரண்டு சானலையும் விட்டு விலகிவிடும்.

பிறகு, ரிசீவரின் அதிர்வெண்ணுக்கு அடிப்படையான கிரிஸ்டலின் பிழை. 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் இங்கே 162 ஹேர்ட்ஸ், மலிவான கிரிஸ்டலில் 50 பிபிஎம் பிசகினால் 8,100 ஹேர்ட்ஸ், சானல் அகலமே 25,000தான். அரை மணி நேரம் சூடாகவிட்டுத் திருத்துங்கள், மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்தால் இரவில் இன்னொரு தடவையும் பாருங்கள்.