வாட்சில் மாடிக்கணக்கு தப்பாகக் காட்டுகிறதா?

மாடிக்கணக்குக்காக ஃபிட்னஸ் வாட்ச் படிக்கட்டுகளை எண்ணுவதில்லை. உள்ளே இருக்கும் காற்றழுத்த சென்சார், நீங்கள் நடந்தபடி 3 மீட்டர் உயரம் ஏறினால் ஒரு மாடி என்று கணக்கு வைக்கிறது. பல கார்மின் மாடல்களில் பின்பக்கம், சார்ஜ் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் பொடிப்பொடித் துளைகள் தெரியும். வியர்வை உப்பும் சோப்பும் அங்கே அடைத்துக்கொண்டால் கணக்கு கெட்டுவிடும். தண்ணீரில் நன்றாக அலசிக் காயவிடுங்கள். ஊசியால் குத்தவே வேண்டாம், சென்சார் பாழாகிவிடும்.

பலத்த காற்றடித்தாலும் ஏறாத மாடி ஏறும். அப்போது சட்டைக்கையை வாட்ச் மேல் இழுத்துவிட்டுக்கொண்டால் போதும்.

அப்புறம், கைப்பிடியைப் பிடித்து ஏறினாலும், இரண்டிரண்டு படியாகத் தாவினாலும் கணக்கு குறையலாம். முட்டிவலி இருப்பவர்கள் கணக்கு போனாலும் பரவாயில்லை, கைப்பிடியைப் பிடித்தே ஏறுங்கள்.