ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகு துணைக்கு நிற்பவர் செய்யும் தவறுகள்

ரத்தப் புற்றுநோய்க்காக என் மனைவிக்கு ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்) மாற்று செய்தார்கள். செல் கொடுத்தது அவள் தம்பி. கத்தி படவில்லை. ரத்தம் ஏற்றுவது போலவே பையிலிருந்து குழாய் வழியாக ஏறி முடிந்துவிட்டது. பெரிய கண்டம் தாண்டிவிட்டோம் என்று அன்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன். என் முதல் தவறு அது.

செல் ஏற்றும் நாளுக்கு ஆஸ்பத்திரியில் ‘டே ஜீரோ’ என்று பெயர். கணக்கே அன்றுதான் தொடங்குகிறது. அதற்கு முன் கொடுத்த கடும் கீமோ பழைய எலும்பு மஜ்ஜையை அழித்திருக்கும். புதிய செல் மஜ்ஜையில் பிடித்து வெள்ளணுக்களை உண்டாக்க 2 முதல் 4 வாரம் ஆகும். எதிர்ப்புச் சக்தி தேறி வர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். பிறர் செல் ஏற்றியவர்களை முதல் 100 நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வார்கள். திருவனந்தபுரத்தில் சிகிச்சை என்றால் நமக்கு ஒரு ஆசை வரும்: நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரம்தானே, வீட்டிலிருந்தே போய்வரலாமே என்று. வேண்டாம். வாடகை கையைக் கடித்தாலும் அங்கேயே ஒரு அறை எடுங்கள்.

ஏன் என்றால், காய்ச்சல். ஒரு ராத்திரி அவளுக்கு 100.8 இருந்தது. டாக்டரை எழுப்புவானேன் என்று பாரசிட்டமால் கொடுத்தேன். சூடு இறங்கியது, நானும் தூங்கினேன். விடியும்போது கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கம், பிரஷர் இறங்கி நேராக ஐசியூ. வெள்ளணு குறைந்த உடம்பில் சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது. கிருமி உள்ளே இருப்பதற்குப் பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அந்த அடையாளத்தைத்தான் நான் மாத்திரை கொடுத்து அழித்துவிட்டேன். 100.4 தொட்டால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், கிளம்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

ஊர் திரும்பியதும் சொந்தங்கள் வருவார்கள். தப்புச் சொல்ல முடியாது, பாசம். “ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம் மக்களே” என்று வாசலில் நிற்கும் மாமியிடம் உள்ளே வராதீர்கள் என்று சொல்ல நாக்கு எழாது. அதை நோயாளியைச் சொல்ல வைக்காதீர்கள், நீங்கள் சொல்லுங்கள். “மாமி, தப்பா எடுக்காதீங்க, டாக்டர் விடல, ஜன்னல் பக்கம் நின்னு பேசுங்க” என்றேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. பிறகு சரியாகிவிட்டது.

பழங்கஞ்சி, அரைவேக்காட்டு முட்டை, கொதிக்க வைக்காத கிணற்றுத் தண்ணீர் மூன்றும் கூடாது. இளநீரும் ஏத்தன் (நேந்திரன்) பழமும் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மாத்திரைகள் சிலருக்குப் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். இந்த மாத்திரைகளின் அளவு பார்க்க ரத்தம் எடுக்கும் காலையில், எடுத்த பிறகுதான் மாத்திரை. முன்னாலேயே கொடுத்தால் கணக்கு தப்பாக வரும். நம் மாவட்டத்தில் நாட்டு வைத்தியத்துக்கு மரியாதை அதிகம், எனக்கும் உண்டு. ஆனாலும் கஷாயமோ லேகியமோ இந்த மாத்திரைகளின் அளவைக் கூட்டியோ குறைத்தோ விடலாம். இந்தக் காலத்தில் தொடவே வேண்டாம்.

பிறர் செல் ஏற்றியவர்களுக்கு இன்னொன்று. வந்த செல், இருக்கும் உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தாக்கலாம். தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று அது வெளியே தெரியும். என் மனைவி கையில் வந்த சிவப்பை மூன்று நாள் சேலைத் தலைப்பால் மறைத்திருந்தாள், நான் பயப்படுவேன் என்று. நானோ சாளை மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். தடிப்பு எதுவானாலும் போட்டோ எடுத்து அன்றே மருத்துவக் குழுவுக்கு அனுப்புங்கள்.

அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அப்புறம் அவளுக்குத் தூக்கம் போனது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தாள். மருந்தின் வேலை அது என்று தெரியாமல் நானும் பதிலுக்குப் பதில் பேசிவிட்டேன். இன்றும் வருத்தம்தான். எப்போது சேர்ந்து படுக்கலாம், தாம்பத்தியம் எப்போது என்பதையும் வெட்கப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்வார்கள். நாங்கள் கேட்காமலே பல மாதம் ஒருவரையொருவர் தொடப் பயந்து கழித்தோம்.

என் சுகர் மாத்திரையையும் அப்போது மறந்துபோனேன். கொழுந்தி வாரம் இரண்டு ராத்திரி வந்து தங்கிய பிறகுதான் தூங்கவே முடிந்தது. அந்த உதவியை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

கடைசியாக ஒரு சீட்டு. அவள் ரத்தம் பி பாசிட்டிவ், தம்பிக்கு ஓ பாசிட்டிவ். மாற்றுக்குப் பிறகு அவளுக்கும் மெல்ல ஓ ஆகிவிட்டது. அவசரத்துக்கு உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் பழைய குரூப்பைச் சொல்லிவிடுவோம். அதனால் அவள் பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறோம்: மாற்று நடந்த தேதி, பழைய குரூப், புதிய குரூப், கதிர்வீச்சு செய்த ரத்தம் மட்டுமே ஏற்ற வேண்டும் என்ற குறிப்பு, மாற்று செய்த டாக்டரின் நம்பர். என் சட்டைப் பையிலும் அதே போல ஒன்று இருக்கிறது.