முட்டி ஜவ்வு கிழிந்தாலோ எலும்பு உடைந்தாலோ: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

ஓடி வந்து சட்டென்று திரும்பும்போது முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், கால் மடங்கி விழுகிறீர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கிவிடுகிறது. இப்படி நடந்தால் பெரும்பாலும் தொடை எலும்பையும் கால் எலும்பையும் முட்டிக்குள் பிணைக்கிற ஏசிஎல் என்கிற ஜவ்வு போயிருக்கும். மறுநாள்தான் மெதுவாக வீங்குகிறது, முட்டி அவ்வப்போது மாட்டிக்கொள்கிறது என்றால் மெனிஸ்கஸ், அதாவது அந்த எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு, மேல் சந்தேகப்படலாம். எலும்பு உடைந்தாலும் உள்ளே ரத்தம் கசிந்து உடனே வீங்கும், அதனால் வீக்கத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். நாலு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை, 90 டிகிரி மடக்க முடியவில்லை, முட்டிச்சில்லைத் தொட்டாலே வலி, முட்டிக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே துருத்துகிற எலும்பில் வலி, வயது 55 அல்லது அதற்கு மேல்: இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பாதம் சில்லிட்டு மரத்துப் போனாலோ, கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி வலி ஏறிக்கொண்டே போனாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், காலைக்குள் சரியாகிவிடும் என்று படுத்துவிடாதீர்கள். யாரும் காலைப் பிடித்து இழுக்கவோ நீவவோ விடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘முழுக் கிழிசல்’ என்று பார்த்ததும் பதறி அடுத்த வாரமே ஆபரேஷன் தேதி கேட்பதுதான் நிறையப் பேர் செய்கிற தவறு. ஏசிஎல் மட்டும் கிழிந்திருந்தால் அவசரம் இல்லை. வீங்கி விறைத்த முட்டியில் கத்தி வைத்தால் பிறகு அது நீளாமலே போகிற ஆபத்து அதிகம். முதலில் வீக்கம் வடிய வேண்டும், கால் முழுசாக நீள வேண்டும், நொண்டாமல் நடக்க வேண்டும். இதற்குச் சில வாரம் பிடிக்கும், அந்த வாரங்களிலும் பிசியோவிடம் போங்கள். மெனிஸ்கஸ் துண்டு இடையில் சிக்கி முட்டி பூட்டிக்கொண்டால் மட்டும் கதை வேறு, அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டுமா என்பதே ஒரு கேள்விதான். ஸ்வீடனில் ஏசிஎல் கிழிந்த, சுறுசுறுப்பான 121 இளம் வயதினரை வைத்து நடத்திய ஆய்வில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன் என்று விடப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து வருடம் ஆகியும் ஆபரேஷன் தேவைப்படவில்லை. நீச்சல், சைக்கிள், நேராக ஓடுவது போதும் என்பவர்கள் இதை யோசிக்கலாம். கால்பந்து, கூடைப்பந்து மாதிரி வெட்டித் திரும்புகிற ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும், அல்லது படி இறங்கும்போதே முட்டி நழுவுகிறது என்றால் செய்துகொள்வது நல்லது.

டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். முதலாவது, கிழிந்ததற்குப் பதிலாக வைக்கும் புது ஜவ்வுக்கு என் உடம்பில் எங்கிருந்து தசைநார் எடுக்கப் போகிறீர்கள்? தொடைக்குப் பின்னாலிருந்து எடுத்தால் காலை மடக்குகிற பலம் கொஞ்ச காலம் குறையும், முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாரிலிருந்து எடுத்தால் மண்டியிடும்போது வலிக்கலாம். இரண்டாவது, மெனிஸ்கஸும் கிழிந்திருந்தால் தைப்பீர்களா, வெட்டுவீர்களா? வெட்டினால் சில வாரத்தில் நடமாடலாம், ஆனால் வருடங்கள் போகப் போக மூட்டுத் தேய்மானத்துக்கு வழி விடும். தைத்தால் நாலிலிருந்து ஆறு வாரம் கால் ஊன்றுவதிலும் 90 டிகிரிக்கு மேல் மடக்குவதிலும் கட்டுப்பாடு இருக்கும், குத்த வைத்து உட்கார மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். தைக்க முடிகிற கிழிசல் என்றால் தையுங்கள் என்றே சொல்வேன். ரத்த ஓட்டம் உள்ள வெளி ஓரத்தில் கிழிந்திருந்தால் சேர்வதற்கு வாய்ப்பு நன்றாகவே உண்டு.

எலும்பு விஷயத்துக்கு வருவோம். முட்டிக்குக் கீழ் கால் எலும்பின் மேல்தளம் உடைந்து அமுங்கியிருந்தால் அதைத் தூக்கிச் சமப்படுத்தி பிளேட், ஸ்க்ரூ வைப்பார்கள். அதற்கு முன் பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் தெரிகிற வரை காத்திருக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள், இறுகிய தோலை வெட்டினால் காயம் ஆறாமல் போகலாம். பிறகு 6 முதல் 12 வாரம் அந்தக் காலில் எடை வைக்கக் கூடாது, ஆனால் மடக்கி நீட்டுவதைச் சீக்கிரமே ஆரம்பிப்பார்கள். சில்லு உடைந்தால் இதற்கு நேர்மாறு: கம்பி கட்டியபின், பிரேஸ் என்கிற முட்டிக் கவசத்தை மாட்டி, காலை நேராக வைத்துக்கொண்டு நடக்க விடுவார்கள், மடக்குவதைத்தான் தள்ளிப்போடுவார்கள். புகைப்பவர்கள் நிறுத்திவிடுங்கள், எலும்பு சேர்வதை அது உண்மையிலேயே தாமதப்படுத்தும்.

இப்போது ஏசிஎல் ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு வாரம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு ஆபரேஷன் ஆனபோது நான் கோட்டை விட்டது இங்கேதான். மடக்குவதிலேயே குறியாக இருந்தேன், இன்று 70, நாளை 80 என்று எண்ணிக்கொண்டு. காலை நீட்டுவதை விட்டுவிட்டேன். வலிக்கிறது என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினேன், அது சுகமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் படுக்கும்போது முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. அந்த இரண்டு விரலைச் சரிசெய்ய எனக்கு மூன்று மாதம் ஆனது. அதனால் தலையணையை முட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி அந்தரத்தில் தொங்கி தன் எடையாலேயே நீளட்டும். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை.

அடுத்தது தொடைத் தசை. முட்டிக்குள் நீர் இருக்கிறவரை தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் உத்தரவை நரம்பு மண்டலமே அடக்கி வைக்கும், நீங்கள் என்ன முக்கினாலும் அது அசையாது. சில்லுக்கு மேலே உள்பக்கம் விரலை வைத்து, முட்டியின் பின்புறத்தைத் தரையில் அழுத்துங்கள். விரலுக்கு அடியில் தசை இறுகுவது தெரிகிற வரை விடாமல் செய்யுங்கள். காலை நேராகத் தூக்கும்போது முட்டி தொய்யாமல் இருந்தால்தான் ஊன்றுகோலை விடுவதைப் பற்றிப் பேசலாம்.

காய்ச்சல், காயத்திலிருந்து சீழ், கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

அப்புறம் ஒரு பொறி இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் வலி போய்விடும், கால் நன்றாக இருப்பதாகவே தோன்றும். உள்ளே புது ஜவ்வு ரொம்பவும் பலவீனமாக இருக்கிற காலம் அதுதான், உடல் அதைக் கரைத்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கும். நேராக மெதுவோட்டம் மூன்று நான்கு மாதத்துக்கு மேல், அதுவும் தொடை பலம் வந்திருந்தால் மட்டும். ஆட்டத்துக்கு ஒன்பது மாதத்துக்கு முன் போகாதீர்கள். கால்பந்து வீரர் விர்ஜில் வான் டைக் 2020 அக்டோபரில் அடிபட்டு, நடுவில் வந்த ஐரோப்பியக் கோப்பையையே விட்டுக்கொடுத்து, 2021 ஜூலையில்தான் களத்துக்குத் திரும்பினார்.

மாதக் கணக்கு மட்டும் போதாது. பிசியோவிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்: தொடை பலமும் ஒற்றைக்கால் தாண்டலும் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது வர வேண்டும். தாண்டி இறங்குவதை போனில் முன்னாலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள், முட்டி உள்பக்கம் சாய்ந்தால் இன்னும் நாள் இருக்கிறது. எல்லாம் சரியாக வந்தபின் முதலில் தனியாகப் பயிற்சி, பிறகு அணியோடு, பிறகு பாதி ஆட்டம், அதன்பின் முழு ஆட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மறுநாள் காலையில் முட்டியைப் பாருங்கள், வீங்கியிருந்தால் ஒரு கட்டம் பின்னால் போய் அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.