வாவி நடக்குமா? ஆங்கில இலக்கணக் கேள்விகளில் விடுகிற பிழைகள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் டியூசனுக்குப் போகிற பிள்ளைகள் இலக்கணக் கேள்வியில் செய்கிற பெரிய பிழை, நாலு விடையையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து, காதுக்கு எது பிடிக்கிறதோ அதைத் தெரிவு செய்வது.

உதாரணத்துக்கு இந்தப் பிழையான வாக்கியம்: 'வோக்கிங் எக்ரோஸ் த கல்லடி பிரிட்ஜ், த லகூன் லுக்ட் பியூட்டிஃபுல்'. காதுக்கு ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் 'பாலத்தில் நடந்துபோகும்போது வாவி வடிவாக இருந்தது' என்று நாங்கள் தாராளமாகச் சொல்லுவோம், நடந்தது யார் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் அந்த 'வோக்கிங்' கொமாவுக்குப் பின்னால் வருகிற எழுவாயைப் பிடித்துக்கொள்ளும், அப்போ நடந்தது வாவி! அதனால் 'நடந்துபோகும்போது' என்று எடுக்காமல் 'நடந்து' என்று எடுத்துப் பாருங்கள். 'பாலத்தில் நடந்து, வாவி வடிவாக இருந்தது' என்றால் உடனே இடிக்கும். 'செய்து' எச்சம் தன் வினைமுதலையே கொள்ளும் என்று நன்னூல் சொல்வதும் இதைத்தான்.

இதிலேயே இன்னொரு பொறி வைப்பார்கள்: 'ரைடிங் ஹிஸ் பைக், மை பிரதர்ஸ் ஷேர்ட் கொட் வெட்'. அண்ணன் கண்ணில் படுகிறார், சரி என்று கடந்துவிடுவோம், ஆனால் எழுவாய் ஷேர்ட், சைக்கிள் ஓடியது ஷேர்ட் என்றாகிவிடும். 'வைல் மை பிரதர் வொஸ் ரைடிங் ஹிஸ் பைக்' என்று தொடங்கினால் தீர்ந்தது.

'ஒன்லி' விஷயத்தில் தமிழ் கைகொடுக்கும். 'தயிர் மட்டும்', 'கல்முனையில் மட்டும்' என்று 'மட்டும்' எதில் ஒட்டுகிறதோ, ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் 'ஒன்லி'யை வையுங்கள், போதும்.

அப்புறம் வழக்குத்தொடர்கள். 'பற்றிக் கலந்துரையாடினோம்' என்கிற பழக்கத்தில் 'டிஸ்கஸ் எபவுட்', 'அவரோடு கல்யாணம்' என்கிற பழக்கத்தில் 'மேரிட் வித்'. முதலாவதில் 'எபவுட்' வேண்டாம், இரண்டாவதில் 'டு' வரவேண்டும். 'கேபபிள்' என்றால் 'ஒஃப்', 'ஏபிள்' என்றால் 'டு'. ஏன் என்று கேட்டு மண்டையை உடைக்காதீர்கள், காரணம் இருந்தாலும் சோதனைக்கு உதவாது. தனிச் சொல்லாக இல்லாமல் முழு வாக்கியமாகப் பாடமாக்குங்கள்.

எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுச் சோதனை ஜீமேட். பழைய ஜீமேட் புத்தகங்களை வைத்து ஜீமேட்டுக்கே படிக்கிறவர்களும் உண்டு. 2023இல் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக நுழைவுச் சோதனையான எஸ்ஏடியில் இந்த வகைக் கேள்வி இப்போதும் வரும். ஆங்கிலத் திறன் சோதனையான ஐஈஎல்டிஎஸ்ஸில் தனிக் கேள்வியாக வராது, ஆனால் எழுத்திலும் பேச்சிலும் கால்வாசிப் புள்ளி இலக்கணத்துக்கு, அங்கே தெரிவு செய்ய நாலு விடையும் இருக்காது.