கல்லூரி சேர்க்கைக்கு வழிகாட்டியிடம் போகும்போது டெல்டா குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளையை எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்பது நல்ல பழக்கம். அவர் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டுதலைப் பார்க்கும் ஆசிரியராக இருக்கலாம், கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவராக இருக்கலாம், தெருவில் முதலில் படித்து வேலைக்குப் போன அண்ணனாகவும் இருக்கலாம். ஆனால் எப்போது கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம், பிள்ளை வாய் திறந்து பேச இடம் கொடுக்கிறோமா என்பதில் நடக்கும் தவறுகளால், நல்ல மார்க் எடுத்தவர்கள்கூட கைக்கு எட்டிய இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

ரிசல்ட் வரட்டும் என்று இருப்பது

திருவாரூருக்குப் பக்கத்தில் நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் 2009 முதல் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் அதைக் கடந்துதான் பள்ளிக்கே போகிறார்கள். ஆனால் அங்கே இளநிலைப் படிப்பில் சேர க்யூட் என்ற, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். மே மாதம் மார்க் பட்டியலோடு வழிகாட்டியிடம் போகிறவருக்கு அந்தக் கதவு அந்த ஆண்டு மூடியாகிவிட்டது.

தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், திருச்சி என்.ஐ.டி.யும் இதே கதைதான். இரண்டுக்கும் ஜே.இ.இ. மெயின் என்ற அகில இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வு வேண்டும், அதன் முதல் கட்டத் தேர்வு ஜனவரியிலேயே நடந்துவிடுகிறது. அதனால் வழிகாட்டியோடு முதல் பேச்சு பிளஸ் டூ தொடங்கிய சில மாதங்களுக்குள் நடக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதே பேசினால் இன்னும் நல்லது. கணக்கு இல்லாத குரூப்பை எடுத்துவிட்டு அப்புறம் பி.இ. ஆசைப்பட்டால் எந்த வழிகாட்டியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஏஜென்டை வழிகாட்டி என்று நம்புவது

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். பரீட்சை முடிந்ததுமே ஊருக்குள் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். கையில் பளபளப்பான நோட்டீஸ், வாயில் "இன்னிக்கு அட்வான்ஸ் கட்டினா ஸ்காலர்ஷிப் உண்டும்மா, நாளைக்கு சீட் இருக்காது" என்ற பேச்சு. பழகியவர், சொந்தக்காரர், பல சமயம் பிள்ளைக்கு டியூஷன் எடுத்தவர். சேர்த்துவிடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவருக்குக் கல்லூரியிலிருந்து கமிஷன் வருகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

அவர் பேச்சைக் கேட்டு, மார்க் தரவரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் கலந்தாய்வுக்கு முன்பே ஒரு பொறியியல் கல்லூரியில் பணம் கட்டினால், பெரும்பாலும் அது கல்லூரியே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடமாகத்தான் இருக்கும். அதில் என்ன இழக்கிறோம் என்று பாருங்கள். வீட்டில் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகை, கலந்தாய்வு வழியாக இடம் எடுத்தவர்களுக்குத்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் எடுத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதுவும் கலந்தாய்வில் மட்டும்தான். ஏஜென்ட் வாங்கித் தருவதாகச் சொல்லும் "ஸ்காலர்ஷிப்", அரசு தரும் இந்தச் சலுகைக்குப் பக்கத்தில்கூட வராது. நடவுக் கூலிக்குப் போய் பிள்ளையைப் படிக்க வைத்த ஒரு தாய், ஒரு பைசா கட்ட வேண்டாத இடத்தை விட்டுவிட்டுக் கடன் வாங்கிப் பணம் கட்டுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஆகவே யாராக இருந்தாலும் தயங்காமல் நேராகக் கேளுங்கள்: "என் பிள்ளை அந்தக் கல்லூரியில் சேர்ந்தால் உங்களுக்கு ஏதாவது வருமா?" நல்ல வழிகாட்டி இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். ஒரே கல்லூரியின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்கிறவரிடமும், ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் "சும்மா கொடுத்து வைங்க" என்று கேட்கிறவரிடமும் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

பிள்ளையை வெளியே உட்கார வைப்பது

அப்பா பேசுவார், மாமா பேசுவார், பிள்ளை பெஞ்சு ஓரத்தில் தலை குனிந்து இருக்கும். "என்னம்மா படிக்க ஆசை?" என்று கேட்டால் அப்பா பதில் சொல்வார்: "அவளுக்கு என்ன சார் தெரியும், நீங்களே பார்த்துப் போட்டுடுங்க." பெண் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக நடக்கிறது. பேச்சு படிப்பைத் தொடுவதற்கு முன்பே "வீட்டுக்குப் பக்கத்திலே" என்பதில் முடிந்துவிடும்.

தூரம் பற்றிய பயம் நியாயமானதுதான். அதை வழிகாட்டியிடம் வெளிப்படையாகச் சொன்னால் வழி உண்டு. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஈச்சங்கோட்டையில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைக்காது. இவற்றுக்கென்று வேறாக விண்ணப்பிக்க வேண்டும். உயிரியல் பிடிக்கும் என்று பிள்ளை வாய் திறந்து சொன்னால்தானே வழிகாட்டிக்கு இவை நினைவுக்கு வரும்? வழிகாட்டியிடம் பத்து நிமிடமாவது பிள்ளை தனியாகப் பேசட்டும்.

விருப்பப் பட்டியலை அடுத்தவர் கையில் கொடுப்பது

பொறியியல் கலந்தாய்வில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட் ஆஃப் மார்க் போட்டுத் தரவரிசை தருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இடத்தைத் தீர்மானிப்பதில் நம் கையில் இருப்பது, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று நாம் கொடுக்கும் விருப்பப் பட்டியலின் வரிசைதான். அங்கேதான் பிசகுகிறது.

ஒரு மாணவிக்கு செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரியில் படிக்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். "அது எங்கே கிடைக்கப் போகிறது" என்ற பயத்தில் பக்கத்துத் தனியார் கல்லூரியை முதலாவதாகவும் செங்கிப்பட்டியை ஐந்தாவதாகவும் போடுகிறாள். கணினி பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். அவள் முறை வரும்போது முதலாவதில் இடம் இருந்தால் அதையே கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஐந்தாவதில் இடம் காலியாக இருந்தாலும் அவளுக்கு வராது. கிடைத்ததை வைத்துக்கொண்டு அதைவிட மேலான விருப்பத்துக்குக் காத்திருக்கலாம் என்றாலும், கிடைத்ததற்கு மேலே பட்டியலில் இருப்பவைதான் வரும். முதலாவதற்கு மேலே என்ன இருக்கிறது? கிடைக்காத இடத்தை மேலே எழுதுவதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆசைப்பட்ட வரிசையில் எழுதி, கடைசிப் பகுதியில் உறுதியாகக் கிடைக்கக்கூடியவற்றைப் போதுமான அளவு சேர்த்தால் போதும். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் எனும்போது பத்தோடு நிறுத்துவது ஏன்?

சென்ற ஆண்டுக் கட் ஆஃபைப் பார்க்கும்போது மார்க்கை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். கேள்வித்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் எல்லோருக்கும் மார்க் ஏறிவிடும். தரவரிசை எண்ணும், உங்கள் இனப் பிரிவில் கடைசி இடம் எந்த எண்ணில் முடிந்தது என்பதும்தான் நம்பத் தகுந்த கணக்கு. ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல இருப்பதால், பெயரைவிடக் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபார்ப்பது முக்கியம்.

இன்னொன்று: பதிவு செய்யும்போது பிரவுசிங் சென்டர்காரரின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஓ.டி.பி.யும் ஒதுக்கீட்டுச் செய்தியும் அவருக்குப் போகும். தற்காலிக ஒதுக்கீட்டைக் குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். சொந்த நம்பர், சொந்த மின்னஞ்சல், பாஸ்வேர்டு நோட்டில் எழுதிப் பத்திரமாக. வீட்டில் கணினி இல்லையென்றால் கலந்தாய்வுக்கென்று அரசு அமைக்கும் சேவை மையங்களில் பதிவுக்கு இலவசமாக உதவுகிறார்கள்.

சான்றிதழும் பணமும்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையம் வழியாக வர நாளாகும். மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) சான்றிதழ் தனி, அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். பெயரில் இனிஷியல் மாறியிருந்தால் பள்ளியில் இருக்கும்போதே திருத்துங்கள்.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் வீட்டில் இருக்கிற பணம் குறுவை நெல் சாகுபடிக்குப் போகும். கல்லூரிக் கட்டணம் கட்டச் சொல்வதும் அந்த வாரங்களில்தான். கந்து வட்டிக்குப் போவதற்கு முன்பு, மே மாதமே கல்விக் கடன் பற்றி வழிகாட்டியிடமும் வங்கியிலும் பேசிவிட வேண்டும். நான்கு வருடத்துக்கும் பஸ், விடுதி, தேர்வுக் கட்டணம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கல்லூரியில் எழுதி வாங்குங்கள்.

அரசு கலைக் கல்லூரியை வேறு வழியில்லாதவர்களுக்கானது என்று ஒதுக்குவதும் தவறு. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி 1854-இல் தொடங்கியது. தஞ்சாவூரில் சரபோஜி, குந்தவை நாச்சியார், திருவாரூரில் திரு.வி.க., மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமி என்று பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் கல்லூரிகள் இருக்கின்றன, கட்டணமும் சொற்பம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இங்கே சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பொறியியலுக்குக் காத்திருந்தாலும் இதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். பொறியியல் சுற்றுகள் முடியும்வரை காத்திருந்தால், இங்கே நல்ல பாடப் பிரிவுகளெல்லாம் அதற்குள் நிரம்பிவிடும்.