தமிழ் டிசைன் சிஸ்டம்: வரி உயரத்தைச் சரிசெய்யுங்கள்

மதுரை மாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றின் வெப்சைட், இன்ஸ்டா போஸ்ட், யூடியூப் தம்ப்நெய்ல் மூன்றையும் நாங்கள் மூன்று பேர் பிரித்துச் செய்கிறோம். ஒருவர் வைக்கும் சிவப்பு அடுத்தவரிடம் மெரூன் ஆகிவிடும், சித்திரைத் திருவிழா நேரத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் பொதுவாக ஒரு டிசைன் சிஸ்டம் கட்டினோம், அதாவது நிறம், எழுத்து, பட்டன் எல்லாவற்றுக்கும் மூவரும் எடுத்துப் பயன்படுத்தும் ஒரே தொகுப்பு. டிசைன் கருவியில் அக்கவுண்ட் திறக்க, போர்டு (வரைவதற்கான பரப்பு) போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஃபிக்மா நல்ல கருவிதான். ஆனாலும் சின்னக் குழுவுக்கு நான் பென்பாட்டைத்தான் சொல்வேன்: ஓப்பன் சோர்ஸ், பிரவுசரிலேயே ஓடும்.

முதலில் நிறங்கள். 'சிவப்பு', 'பச்சை' என்று பெயர் வைக்காமல் 'முதன்மை', 'பின்னணி', 'எச்சரிக்கை' என்று வேலையை வைத்துப் பெயரிடுங்கள். நாளைக்கு நிறம் மாறினாலும் பெயர் நிற்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாட்டு விகிதம்) குறைந்தது 4.5:1 வேண்டும். கடைக்காரர்களுக்குப் பிடித்த மஞ்சள் மேல் வெள்ளை அங்கேயே அடிபட்டுவிடும்.

அடுத்து எழுத்துரு. என் தேர்வு ஹிண்ட் மதுரை. ஊர்ப் பெயருக்காக இல்லை, லைட் முதல் போல்ட் வரை ஐந்து கனம் இருக்கிறது, ஆங்கிலமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும் ஒட்டிப்போகும், இலவசம்.

எங்கள் வேலை நின்ற இடம் வரி உயரம், அதாவது ஒரு வரிக்கு எழுத்தின் அளவைப் போல எத்தனை மடங்கு இடம் என்பது. ரெடிமேட் கிட்களில் தலைப்புக்கு 1.2 என்று இருக்கும், ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் புள்ளியும் ஈகாரச் சுழியும் மேலே ஏறும், உகரம் கீழே இறங்கும். 'புதுப் புடவைகளுக்கு' என்று ஒரு வரி, அதன் கீழே 'தீபாவளி டிஸ்கவுண்ட்' என்று அடித்துப் பாருங்கள், மேல்வரியின் வால் கீழ்வரியின் சுழியில் போய் இடிக்கும். தலைப்புக்கு 1.4, பத்திக்கு 1.6 வைத்தோம், சரியாகிவிட்டது. எந்த ஸ்டைலையும் இந்த இரண்டு வரியை வைத்துச் சோதிக்காமல் சேர்க்காதீர்கள்.

பட்டனுக்கு நிலையான அகலம் கொடுக்க வேண்டாம். 'கார்ட்டில் சேர்க்கவும்' எங்கே அடங்கும்? ஃப்ளெக்ஸ் லேஅவுட்டில் (உள்ளே இருப்பதற்கேற்ப அளவு மாறும் அமைப்பு) இருபுறமும் 16 பிக்சல் விட்டால் எழுத்துக்கேற்ப விரியும். 'கார்ட்டில் சேர்' போதும் என்பது என் கட்சி.

டெம்ப்ளேட் இரண்டு போதும்: தம்ப்நெய்லுக்கு 1280×720, இன்ஸ்டாவுக்கு 1080×1350. தம்ப்நெய்லின் வலது கீழ் மூலையில் வீடியோ நேரம் வந்து உட்காரும், அங்கே விலையைப் போடாதீர்கள்.

கடைசியாக ஃபைலைப் பொது லைப்ரரியாக மாற்றுங்கள், மற்றவர்கள் தங்கள் ஃபைலில் அதை இணைத்துக்கொள்ளட்டும். திருத்துவது ஒருவர் மட்டும். "தம்பி, ஆடித் தள்ளுபடிக்கு மட்டும் கொஞ்சம் பிங்க் போடுங்களேன்" என்று முதலாளி கேட்டால், பிங்க் முதலில் லைப்ரரிக்குள் வரட்டும், அப்புறம்தான் போஸ்ட்டுக்கு.

பிற்சேர்க்கை: அச்சகத்திலிருந்து வந்த வாசகத்தை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்து ஒட்டுங்கள், ஸ, ஜ வரும் இடங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, எழுத்து இடைவெளியைப் பூஜ்யத்திலேயே விடுங்கள், கூட்டினால் 'கொ'வின் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கலாம்.